கற்பனை நகரத்தின் ஆடம்பர விடுதியில் படுக்கை விரிப்பவர் யார்?

ஜூன் 2, இரவு

மிகுபுனைவுக் (ஃபேன்டஸி) கதைகளில் வரும் ஆடம்பர விடுதிகளில் ஒன்றுகூட ஏன் நம்பும்படி இல்லை? பளிங்குத் தரை, பொன்முலாம் பூசிய தூண்கள், மிதக்கும் விளக்குகள், தானாகத் திறக்கும் கதவு என்று இரண்டு பக்க வருணனை வந்துவிடும். பிறகு கதாநாயகன் அறைக்குப் போய்த் தூங்குவான். மறுநாள் காலை அந்தப் படுக்கையை யார் தட்டிப் போட்டார்கள், அவன் முகம் கழுவிய நீர் எந்த வழியாக வெளியேறியது என்று கேட்டால் பதில் கிடைக்காது.

நானே அப்படி ஒன்றை எழுதிக்கொண்டிருப்பதால் கேட்கிறேன். ஆழிமுகம் என்று ஒரு துறைமுக நகரம். அதன் குன்றின் மேல் எழுசுடர் மாளிகை என்ற விடுதி, அறுபது அறைகள். கப்பல் உடைமையாளர்கள், சுரங்க முதலாளிகள், முத்து வணிகர் வேடத்தில் நாடிழந்த ஓர் இளவரசன் ஆகியோர் தங்குகிறார்கள். மூன்று அத்தியாயங்கள் எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். விடுதி மூச்சு விடவில்லை.

நாம் எல்லோரும் விடுதியை முன்வாசலிலிருந்து கட்டத் தொடங்குகிறோம், அதுதான் கோளாறு என்று நினைக்கிறேன். வேறு காரணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 3, காலை

தூக்கம் வராமல் யோசித்ததை எழுதிவைக்கிறேன்.

பத்தொன்பது வயதில் இரண்டு ஆண்டுகள் ஒரு பெரிய விடுதியின் லினன் அறையில் வேலை பார்த்தேன். தரைமட்டத்துக்குக் கீழே, சன்னல் இல்லாத அறை. விரிப்பு, உறை, துவாலை எல்லாம் சலவைக்கூடத்திலிருந்து அங்கே வந்து, எண்ணப்பட்டு, மாடிகளுக்குப் போகும். எனவே எனக்குத் தெரிந்த இடத்திலிருந்தே எழுசுடர் மாளிகையை மறுபடி கட்டிப் பார்க்கிறேன்.

ஒவ்வொரு படுக்கைக்கும் மூன்று செட் துணி வேண்டும். ஒன்று படுக்கையில், ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில். ஓர் அறைக்கு இரண்டு விரிப்பு, நான்கு தலையணை உறை, நான்கு துவாலை என்று குறைவாகவே வைப்போம். அறுபது அறைக்கு நாளொன்றுக்கு 600 உருப்படிகள். மூன்று செட் என்றால் 1,800. விரிப்புகள் மட்டும் தினம் 120. ஒரு விரிப்பைக் கொடியில் போட இரண்டரை மீட்டர் இடம் என்று வைத்தால் 300 மீட்டர் கொடி கட்ட வேண்டும். பளிங்கு மாளிகையின் எந்தப் பக்கத்தில் கட்டுவது? எந்த விருந்தினரின் சன்னலிலிருந்தும் அது தெரியக்கூடாது. மழைக்காலத்தில் என்ன செய்வது?

இந்த ஒரு கேள்வி எனக்கு ஒரு முழுக் கட்டடத்தையே தந்துவிட்டது. பண்டைய ரோமாபுரியில் குளியல் மாளிகைகளின் தரையைச் சிறு செங்கல் தூண்களின் மேல் உயர்த்திக் கட்டினார்கள். வெளியே எரியும் உலையின் சூடான காற்று தரைக்கு அடியில் பரவி, சுவருக்குள் பதித்த குழல்கள் வழியாக மேலே ஏறும். என் விடுதிக்கும் அப்படி ஒரு வெப்பத் தரை உண்டு. விருந்தினருக்கு வெந்நீர்க் கூடம். அதே உலையின் மிச்ச வெப்பத்தில், சுவருக்கு மறுபுறம், துணி உலர்த்தும் கூடம். செல்வந்தர் நறுமண நீரில் மிதந்துகொண்டிருக்கும்போது இரண்டு முழம் தள்ளி இருபது பெண்கள் ஈர விரிப்பை உதறுகிறார்கள். அந்தச் சுவர்தான் என் நாவல் என்று இன்று காலை தோன்றுகிறது.

ஜூன் 3, மாலை

காலையில் போட்ட கணக்கு தவறு. அறுபது அறை என்றால் அறுபது படுக்கை மட்டும்தான் என்று எண்ணிவிட்டேன். பெரும் செல்வந்தர்கள் தனியாகப் பயணம் செய்ததே இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பிரபு குடும்பங்கள் உடை அணிவிக்க ஓர் ஆள், சீமாட்டிக்கு ஒரு பணிப்பெண், வழிப்பயண ஏற்பாட்டுக்கு ஓர் ஆள் என்று கூட்டிக்கொண்டுதான் விடுதிக்கு வந்தார்கள். அந்த வேலையாட்களுக்கு என்றே சிறிய அறைகளும் தனி உணவுக்கூடமும் இருந்தன.

ஆக, ஆழிமுகத்தில் அறுபது முதலாளிகளோடு நூற்றுக்கும் மேற்பட்ட வேலையாட்களும் வந்து இறங்குகிறார்கள். அவர்களுக்கும் படுக்கை வேண்டும். விடுதிப் பணியாளருக்கும் வந்த பணியாளருக்கும் இடையில் யார் யாருக்குக் கட்டளையிடலாம் என்ற சண்டை தினமும் இருக்கும். சுரங்க முதலாளியின் வேலையாள், தன் எஜமானின் தலையணையை விடுதிப் பெண் தொடவே கூடாது என்பான். நான் எழுதிய மூன்று அத்தியாயங்களில் இப்படி ஒரு மனிதன்கூட இல்லை.

ஜூன் 5

விடுதி அறைகளுக்கு என்ன பூட்டு போடுவீர்கள் என்று கேட்டவருக்கு.

தனி அறை, அதற்குத் தனிப் பூட்டு என்பது நாம் நினைப்பதைவிடப் புதிய ஆடம்பரம். பழைய சத்திரங்களில் முன்பின் தெரியாதவர்கள் ஒரே அறையில், சில சமயம் ஒரே படுக்கையில் படுத்தார்கள். 1829-ல் பாஸ்டனில் திறக்கப்பட்ட ட்ரெமான்ட் ஹவுஸ் என்ற விடுதியைப் பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் வியப்போடு குறிப்பிடுவது, ஏறத்தாழ 170 அறைகளிலும் தனித்தனிப் பூட்டு இருந்ததைத்தான். அறையில் இலவசமாக சோப்பு வைத்ததும், கட்டடத்துக்குள்ளேயே குழாய்நீர் வசதி இருந்ததும் அதற்கு அடுத்த வியப்புகள்.

கதவுக்கு மந்திரப் பூட்டு போட்டுவிட்டால் முடிந்தது என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் ஆர்வம் இல்லை. எந்தப் பூட்டாக இருந்தாலும் படுக்கை விரிப்பவர் உள்ளே போயாக வேண்டும். எல்லாக் கதவையும் திறக்கும் மாஸ்டர் சாவி யார் இடுப்பில் தொங்குகிறது என்பதே கேள்வி. நான் வேலை பார்த்த இடத்தில் அது பொறுப்பாளர் அம்மாவிடம் இருந்தது. முந்நூறு கதவுகளைத் திறக்கும் சாவியோடு அந்த அம்மா தினமும் பின்வாசல் வழியாக வந்து, பையைச் சோதனைக்குக் கொடுத்து, பின்வாசல் வழியாகவே வீட்டுக்குப் போனார்.

ஜூன் 5, சற்றுப் பிறகு

எந்த மாடியில் யார் என்பதையும் முடிவு செய்துவிட வேண்டும். உச்சி மாடியில் அரச அறை என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.

லிஃப்ட் இல்லாத காலத்தில் உயரே போகப் போக அறையின் மதிப்பு குறைந்தது. வசதியானவர் முதல் மாடியில் இருப்பார். வேலையாட்கள் கூரைக்கு அடியில். 1854-ல் நியூயார்க் கண்காட்சியில் எலிஷா ஓடிஸ் மேடை ஒன்றின் மேல் ஏறி நின்று, அதைத் தாங்கும் கயிற்றை வெட்டச் சொன்னார். மேடை விழவில்லை. 1857-ல் அந்த நகரத்துக் கடை ஒன்றில் அவருடைய பயணிகள் லிஃப்ட் வந்தது. அதன் பிறகு உச்சி மாடி உயர்ந்த விலைக்குப் போனது. தெருவின் சத்தமும் நாற்றமும் எட்டாத உயரத்துக்கு ஏறுவது அப்போதுதான் செல்வந்தருக்கு எளிதாயிற்று.

எனவே உங்கள் நகரத்தில் மிதக்கும் மேடை இருக்கிறதா என்பது சிறிய கேள்வி இல்லை. இருந்தால் பணக்காரன் மேலே, இல்லையென்றால் கீழே. நான் இல்லை என்று வைக்கிறேன். என் இளவரசன் முதல் மாடியில் இருப்பான், தெருவிலிருந்து ஓர் ஏணி எட்டும் உயரத்தில்.

ஜூன் 8

"மந்திரம் இருக்கும் உலகத்தில் சலவைக்கூடம் எதற்கு? ஒரு சொல்லில் துணி வெளுத்துவிடாதா?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மூன்று நாளாக இதற்குப் பதில் தேடினேன்.

எளிதில் கிடைப்பது ஆடம்பரமாக நீடிக்காது. அலுமினியத்தைப் பாருங்கள். மண்ணில் தாராளமாக இருக்கும் உலோகம், ஆனால் பிரித்தெடுப்பது கடினமாக இருந்தவரை அருமையான பொருள். 1884-ல் வாஷிங்டன் நினைவுத்தூணின் உச்சியில் வைத்த கூம்பு அலுமினியத்தால் ஆனது, எடை மூன்று கிலோவுக்கும் குறைவு. அதை வெள்ளிக்கு இணையாக மதித்தார்கள். 1886-ல் மின்சாரத்தால் பிரிக்கும் முறையை ஹால், எரூ என்ற இருவர் தனித்தனியே கண்டுபிடித்த பிறகு அது அடுப்படிப் பாத்திரமாயிற்று.

விளக்கும் அப்படித்தான். 1889-ல் லண்டனில் சவாய் விடுதி திறந்தபோது மின்விளக்கு பெரும் ஈர்ப்பு. மின்சாரம் எல்லா வீட்டுக்கும் வந்த பிறகு, உயர்ந்த விருந்து மேசைக்கு மெழுகுவத்தி திரும்பி வந்தது.

என் நகரத்தில் கனல்கல் என்று ஒரு கல் உண்டு, எரியாமல் ஒளி தரும். துறைமுகக் கூலியின் குடிசையில்கூட ஒன்று தொங்கும். அப்படியானால் எழுசுடர் மாளிகையில் ஒரு கனல்கல்கூட இருக்கக்கூடாது. எண்ணெய் விளக்குகள் மட்டும். அந்தியில் ஒருவர் வந்து கையால் ஏற்றுவார், நள்ளிரவில் ஒருவர் வந்து திரி நறுக்குவார். செல்வந்தர் அங்கே பணம் கொடுத்து வாங்குவது இன்னொரு மனிதரின் நேரம். மந்திரத்தால் வெளுத்த விரிப்பு ஊரெங்கும் கிடைக்கும். கையால் வெளுத்து, கையால் மடித்த விரிப்பு இங்கே மட்டும்.

கேட்டவருக்கு நன்றி. உங்கள் கேள்வி என் விடுதிக்குப் பெயர்க்காரணமும் கொடுத்துவிட்டது.

ஜூன் 9

முதலில் எழுதியதில் ஒன்றைத் திருத்த வேண்டும். வேலை கண்ணுக்குத் தெரியாமல் நடப்பதே ஆடம்பரம் என்ற பொருளில் எழுதிக்கொண்டு வந்தேன். எப்போதும் அப்படி இருந்ததில்லை. அரச சபைகளில் விசிறி வீசுபவர், குடை பிடிப்பவர், பாதுகை தூக்குபவர் எல்லோரும் தெரியும்படிதான் நிறுத்தப்பட்டார்கள். எத்தனை பேர் தனக்காக நிற்கிறார்கள் என்று காட்டுவதே பெருமையாக இருந்தது. வேலையாட்களை மறைக்கும் பழக்கம் வேறொரு மனநிலை. பின்படிக்கட்டு, சுவருக்குள் ஓடும் கம்பியில் கட்டிய மணி, சத்தமில்லாத நடைபாதை எல்லாம் அதன் விளைவு.

நகரத்தை உருவாக்குபவர் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அல்லது இரண்டையும் மோதவிடலாம். என் கதையில் பழைய குடிப்பிறப்பாளர்கள் பணியாளர் வரிசையாக நிற்க வேண்டும் என்பார்கள். புதிதாகப் பணம் சேர்த்த கப்பல்காரர்கள் யாரும் கண்ணில் படக்கூடாது என்பார்கள். ஒரே நடைபாதையில் இரண்டு கதவுகள். விளக்கேற்றும் பெண் ஒரு கதவின் முன் நிமிர்ந்து நிற்க வேண்டும், அடுத்த கதவின் முன் மறைய வேண்டும்.

எங்களுக்கு மறையத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நடைபாதையில் விருந்தினர் வந்தால் பக்கத்துச் சாமான் அறைக்குள் போய்விட வேண்டும். கதவிடுக்கு வழியாகக் காலணி கடந்து போவதைப் பார்த்துவிட்டு வெளியே வருவோம். இரண்டு ஆண்டுகளில் எனக்கு முகங்களைவிடக் காலணிகள்தான் பழக்கம்.

ஜூன் 12

இதுவரை எழுதியதெல்லாம் துணியும் சுவரும். இன்று எழுதப்போவதை எழுதத்தான் இந்த இழையைத் தொடங்கினேனோ என்று இப்போது படுகிறது.

பெரிய விடுதிகள் விருந்தினரைப் பற்றிக் குறித்துவைக்கும். என் காலத்தில் அது அட்டை. எந்தப் பக்கம் தலை வைப்பார், எத்தனை தலையணை, சன்னலைத் திறந்து வைப்பாரா, காலையில் முதலில் என்ன கேட்பார். படுக்கை விரிப்பவர்கள் கவனித்துச் சொல்வதைப் பொறுப்பாளர் அம்மா எழுதுவார். அவருக்கு இன்னொரு திறமையும் இருந்தது. அழுக்குத் துணியாக வந்த விரிப்பை விரல்களால் ஒருமுறை நீவிப் பார்த்து, படுத்தவர் தூங்கினாரா, விழித்துக் கிடந்தாரா என்று சொல்வார். நான் இரண்டு ஆண்டுகள் பக்கத்தில் நின்றும் எனக்கு அது வாய்க்கவில்லை. நன்றாகத் தூங்கியவரின் சுருக்கம் ஆழமாகவும் குறைவாகவும் இருக்கும். விழித்தவரின் விரிப்பில் மெல்லிய கோடுகள் நூறு இருக்கும் என்பார்.

ஒருமுறை ஒரு விருந்தினர் நான்கு ஆண்டுகள் கழித்து மறுபடி வந்தார். அவருடைய அட்டையைத் தேடி எடுத்து, கட்டிலைச் சன்னலிலிருந்து தள்ளிப் போட்டு, தலையணையில் ஒன்றைக் குறைத்து, இரவு விளக்கைக் குளியலறையில் எரியவிட்டு வைத்தோம். அவர் பழக்கம் அது. மகிழ்வார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். அவர் அறைக்குள் போய் ஐந்து நிமிடத்தில் ரிசப்ஷனுக்கு வந்து, "இதையெல்லாம் உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டார். குரல் நடுங்கியது. காலையில் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் எதற்கு அஞ்சினார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அன்று புரிந்தது இது: இத்தகைய விடுதி விற்பது அறையை மட்டும் அல்ல, நினைவையும் சேர்த்துத்தான். நீங்கள் சொல்லாமலே உங்களை அறிந்திருப்பது. அந்த அறிவு இதமாக இருக்கும்வரை உபசாரம். ஒரு மயிரிழை தாண்டினால் வேவு.

இது பழைய கதை. அர்த்தசாஸ்திரத்தில் நகர அதிகாரியின் கடமைகளைச் சொல்லும் பகுதியில், தங்குமிடம் நடத்துபவர்கள் புதிதாக வருபவர்களைப் பற்றித் தெரிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. மிதமிஞ்சிச் செலவு செய்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதாவது ஆடம்பர விடுதியின் சிறந்த வாடிக்கையாளரே முதலில் புகார் செய்யப்பட வேண்டியவர். வெனிஸில் ரியால்டோ பாலத்தின் அருகே ஜெர்மானிய வணிகர்களுக்காக ஒரு பெரிய தங்குமனை இருந்தது. 1505-ல் எரிந்து, சில ஆண்டுகளிலேயே மறுபடி கட்டப்பட்டது. வணிகர்கள் அங்கேதான் தங்க வேண்டும், நகரம் நியமித்த தரகர் வழியாகத்தான் வாங்கி விற்க வேண்டும். விருந்தோம்பலும் கண்காணிப்பும் ஒரே கூரையின் கீழ்.

ஆக, என் மாளிகைக்கு ஒவ்வொரு அந்தியிலும் நகரக் காவலின் ஆள் ஒருவன் வருவான். வாசலில் நின்று கேட்பான், பட்டியலைப் பெற்றுக்கொண்டு போவான். பணக்காரர்கள் எழுசுடர் மாளிகைக்குப் பெருந்தொகை கொடுப்பதே அந்தப் பட்டியலில் தங்களைப் பற்றி எதுவும் இருக்காது என்ற நம்பிக்கையில். நிர்வாகம் வாயை மூடிக்கொள்ளும். ஆனால் அறிந்தவர் நிர்வாகம் இல்லையே. அறிந்தவர்கள் சன்னல் இல்லாத அறையில் இருக்கிறார்கள்.

ஜூன் 13

நேற்று எழுதியதைப் படித்த ஒருவர், "அப்படியானால் விடுதி நடத்துபவர் வில்லனா?" என்று கேட்கிறார். வேண்டாம். அந்த வேலை ஒரு மனிதரை என்ன செய்யும் என்பதற்கு சீசர் ரிட்ஸின் வாழ்க்கையே போதும்.

1850-ல் சுவிட்சர்லாந்தின் ஒரு மலைக் கிராமத்தில், குழந்தைகள் நிறைந்த எளிய குடும்பத்தில் கடைக்குட்டியாகப் பிறந்தவர். பரிமாறும் வேலையிலிருந்து உயர்ந்து சவாயின் மேலாளரானார். 1898-ல் அங்கிருந்து நீக்கப்பட்டார். அதே ஆண்டு பாரிஸில் தன் பெயரிலேயே விடுதி திறந்தார். தூசி தங்கும் என்று சுவரில் காகிதம் ஒட்டவிடாமல் வண்ணம் பூசச் சொன்னவர். 1902 ஜூன் 26-ல் லண்டனில் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழா நடக்க இருந்தது. அதையொட்டிப் பெரும் விருந்துகளுக்கு மாதக்கணக்கில் ஏற்பாடு செய்திருந்தார். இரண்டு நாள் முன்பு அரசருக்கு அறுவைச் சிகிச்சை, விழா தள்ளிப்போடப்பட்டது. ரிட்ஸ் நிலைகுலைந்து விழுந்தார். 1918-ல் இறக்கும்வரை முழுமையாக மீளவில்லை.

இன்னொருவரின் ஒரு மாலைப்பொழுது பிசகாமல் இருக்கத் தன் நரம்புகளை அடகு வைத்த மனிதர். என் மேலாளரை அப்படி எழுத வேண்டும். அவர் அஞ்சும்போது வாசகரும் அஞ்ச வேண்டும்.

ஜூன் 13, இரவு

குளிர்ச்சிக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டவருக்கு: ஈரானில் யஸ்த் நகரத்துக் காற்றுக் கோபுரங்களைப் பாருங்கள். மேலே வீசும் காற்றைப் பிடித்துக் கீழே இறக்கும். அதே குழாய் வழியாகப் பேச்சும் இறங்கும் என்று என் கதையில் வைத்துக்கொள்கிறேன். நிஜத்தில் எந்த அளவுக்குக் கேட்கும் என்று யாராவது அனுபவத்தில் சொன்னால் நல்லது.

ஜூன் 17

தீ. இதை எப்படி விட்டேன்?

அறுபது அறை, எண்ணெய் விளக்கு, திரைச்சீலை, கீழே உலை. 1946 டிசம்பர் 7 அன்று அட்லாண்டாவின் வைன்காஃப் விடுதி தீப்பிடித்து 119 பேர் இறந்தார்கள். தீப்பிடிக்காத கட்டடம் என்று விளம்பரம் செய்யப்பட்ட பதினைந்து மாடி விடுதி. படிக்கட்டு ஒன்றே ஒன்று. புகை அதன் வழியாகவே ஏறியது.

என் மாளிகையில் படிக்கட்டுகள் இரண்டு. ஒன்று முன்கூடத்தில், சித்திரக் கைப்பிடியோடு. இன்னொன்று சுவருக்குள், பணியாளருக்கு. அதன் கதவுகள் சுவரோடு சுவராகத் தெரியும்படி பூசப்பட்டவை. பத்து ஆண்டுகளாக வருடத்துக்கு மூன்று மாதம் அங்கே தங்கும் கப்பல்காரருக்குத் தன் கட்டிலுக்கு நேரெதிரே ஒரு கதவு இருப்பது தெரியாது. தீப்பிடிக்கும் இரவில் அவர் முன்படிக்கட்டை நோக்கி ஓடுவார். புகைக்குள்.

எந்தச் சுவரைத் தட்டினால் வழி திறக்கும் என்று அந்தக் கட்டடத்தில் தெரிந்தவர்கள் லினன் அறைப் பெண்கள்தான். பதினோராம் அத்தியாயம் இதுவே. யாரை முதலில் எழுப்புவாள் என்று அவள் முடிவு செய்ய வேண்டும். பாதி எழுதினேன், கை நடுங்கியது, நிறுத்தியிருக்கிறேன்.

ஜூன் 18

நேற்றைய குறிப்பில் ஒரு பிழை. ஜூன் 5-ல் லிஃப்ட் இல்லை, செல்வந்தர் முதல் மாடியில் என்று முடிவு செய்தேன். அப்படியானால் கப்பல்காரர் சன்னல் வழியாகக் குதித்தாலே தப்பிவிடுவார். புகையில் மாட்டுபவர்கள் கூரைக்கு அடியில் தூங்கும் வேலையாட்கள். தீ அவர்களுடையது. அத்தியாயத்தை மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டும், இந்த முறை மேலிருந்து கீழே.

ஜூன் 24

தீயை ஒதுக்கிவைத்துவிட்டு இளவரசனிடம் திரும்பினேன். அவனை வேடத்தில் வைத்திருந்தேனே தவிர, எது அவனைக் காட்டிக்கொடுக்கும் என்று தெரியாமல் இருந்தது. இப்போது தெரிகிறது. ஏழு ஆண்டுகள் பாசறையிலும் குகையிலும் படுத்தவனுக்குப் பஞ்சணையில் தூக்கம் வராது. அவன் தரையில் படுக்கிறான். நகரக் காவலன் அந்தியில் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்கிறான்: "உங்கள் விருந்தினரில் கட்டிலைப் பயன்படுத்தாதவர் யாராவது உண்டா?"

விடையறிந்த ஒரே ஆள் படுக்கை விரிக்கும் பெண். முதல் அத்தியாயம் இனி இங்கே தொடங்குகிறது. ஒரு பத்தி போடுகிறேன், கடுமையாகப் படியுங்கள்:

"முத்து வணிகரின் அறையில் விரிப்பு நேற்று அவள் விரித்தபடியே கிடந்தது. தலையணையில் குழி இல்லை. சன்னலடியில் கம்பளத்தின் மயிர் மட்டும் ஓர் ஆள் நீளத்துக்கு ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது. அவள் அதைக் காலால் நிமிர்த்திவிட்டாள். கதவைத் தாழிட்டாள். ஆறு ஆண்டுகளாக நாளுக்கு இருபது கட்டில்கள் விரித்தவள், முதன்முறையாக ஒன்றின் மேல் ஏறிப் படுத்தாள். இடப்புறம் ஒருமுறை புரண்டாள். வலப்புறம் ஒருமுறை. பிறகு எழுந்து, விரிப்பை உருவி அழுக்குக் கூடையில் போட்டாள்."

ஜூன் 25, விடியற்காலை

படித்துவிட்டு இருவர் ஒரே குறையைச் சொல்லியிருக்கிறீர்கள்: இது எளிதாக முடிந்துவிடுகிறது. சரிதான். நான் பொறுப்பாளர் அம்மாவை மறந்துவிட்டேன். சில நொடிகள் புரண்ட சுருக்கத்துக்கும் இரவெல்லாம் படுத்த சுருக்கத்துக்கும் உள்ள வேறுபாடு அவர் விரலுக்குத் தெரியாமல் போகாது.

எனவே கூடை கீழே போகும். லினன் அறையில் எண்ணெய் விளக்கு எரியும். அந்த அம்மா விரிப்பை எடுத்து மேசையில் போட்டு நீவுவார், ஒருமுறை, மறுபடி ஒருமுறை. அந்தப் பெண் எதிரே துவாலை எண்ணிக்கொண்டிருப்பாள், எண்ணிக்கை தவறும். அம்மா அவள் முகத்தைப் பார்க்க மாட்டார். மற்ற விரிப்புகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு, அதை மட்டும் முதலில் கொதிநீரில் அமிழ்த்துவார்.

இன்றிரவு அதை எழுதுகிறேன்.